பீரோவுக்குள் வெயில்

எங்கள் சரிவில் நெட் போனால் திட்டு வாங்குவது என் கணவர் கதிர்தான். கம்பத்தில் ஏறுகிறவர் அவர், எல்லோர் கண்ணிலும் படுகிறவரும் அவர். கணினியைப் பார்த்துக்கொள்கிற நான் வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

குன்னூருக்குக் கீழே தேன்மட்டம் என்கிற இந்தச் சரிவுக்கு மொபைல் சிக்னல் வராது. மாதா கெபி இருக்கிற மேட்டில் ஏறிக் கையைத் தூக்கினால் ஒரு கோடு வரும், கையை இறக்கினால் போய்விடும். பெரிய கம்பெனிகள் எங்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்து டவுனிலிருந்து ஒரு லைன் இழுத்து வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிறோம். பிரித்துக் கொடுக்கிற வேலையைச் செய்வது ஒரு பழைய கணினி. நாங்கள் அதைப் பெட்டி என்போம். அதில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். பெட்டி நின்றால் சரிவு முழுக்க நெட் நின்றுவிடும்.

லினக்ஸைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். கோயமுத்தூரில் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். மற்ற கணினியெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் படுத்துக்கொள்ளும், இது அந்த ரகம் இல்லை என்று யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். போன ஜூலையில் அது சொல்லாமல் கொள்ளாமல் படுக்க ஆரம்பித்தது.

பெட்டி இருப்பது எங்கள் வீட்டில் இல்லை. சரிவின் உச்சியில், மரியஅந்தோணி சார் வீட்டு மாடி அறையில். டவுன் லைன் முதலில் வந்து சேருகிற வீடு அது. சார் வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் ரேச்சல், டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பெட்டியை அந்த வீட்டில் ஒரு விருந்தாளியாகத்தான் வைத்திருந்தார்கள். சார் அதற்குத் தினமும் தூசி தட்டுவார், அதன் பக்கத்தில் யாரையும் தும்மக்கூட விடமாட்டார். மேசைமேல் இருந்ததை, மழை பிடித்தால் ஓடு ஒழுகும் என்று மே மாதமே மர பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து அதற்குள் குடிவைத்தார். வயர் போவதற்குப் பின்பலகையில் ஓட்டையும் போட்டார். நான் போய்ப் பார்த்து, அருமைங்க சார் என்று பாராட்டிவிட்டு, அவர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

முதல் தடவை படுத்தபோதே நேரம் பார்த்துத்தான் படுத்தது. அன்றைக்கு ரேச்சலுக்கு இன்டர்வியூ. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனைக்கு ஆள் எடுக்கிறார்கள், கணினி வழியாகத்தான் கேள்வி. ரேச்சல் அதற்காக ஆங்கிலத் தேர்வு எழுதி, நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்காமல் படித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாலைந்து கேள்வி நன்றாகப் போயிருக்கிறது. அப்புறம் பதில் சொல்ல அவள் வாயைத் திறந்ததோடு திரை உறைந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் திறந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ரேச்சல் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிற ஏஜென்ட் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறார், அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் என்றாள். அதுவும் போனால் அவர்கள் மறுபடி ஆள் எடுப்பது அடுத்த வருஷம். அதற்குள் ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழின் காலம் முடிந்துவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பு இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“பரவால்லைங்க்கா. வெள்ளிக்கெழம மட்டும் பாத்துக்கங்க,” என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த மறுநாள் மதியமே பெட்டி மறுபடி படுத்தது. அதற்கு மறுநாளும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும், ஆனால் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. கதிர் அந்த வாரம் முழுக்கக் கம்பத்தின் மேலேயே இருந்தார்.

லினக்ஸில் ஒரு நல்ல குணம் உண்டு. சாகும்போதும் கடைசியாக நடந்ததை எழுதிவைக்கப் பார்க்கும். பெட்டியை மறுபடி எழுப்பி, முந்தைய ஓட்டத்தின் பதிவைத் திறந்து கடைசி வரியைப் படித்தேன். வெப்பம் எல்லை தாண்டிவிட்டது, என்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். வெப்பமாம். வெளியே மழை, ஜன்னல் கண்ணாடி முழுக்க மூடுபனி, நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குல்லா. இந்த ஊரில் எந்த வீட்டிலும் மின்விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. குன்னூரில் ஜூலையில் ஒரு பொருள் சூடேறிச் சாகிறது என்று கணினி சொன்னால், அந்தக் கணினிக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? வெப்பத்தை அளக்கிற சென்சார் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். என்னை மாதிரி ஆள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்புறம் அந்த முடிவுக்குச் சேவகம் செய்வதுதான் வேலை.

சார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பீரோ கதவு விரியத் திறந்திருக்கும். முன்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கும், டீ தயாராக இருக்கும். நான் டீயைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன், ஜில்லென்று இருக்கும். எழுப்பினால் சென்சாரும் ஜில்லென்றுதான் காட்டும். உள்ளே விசிறி ஒழுங்காகச் சுற்றும். பீரோவில் பூச்சி உருண்டை வாசனை, சாரின் கிறிஸ்துமஸ் கோட்டு, மேல்தட்டிலிருந்து தொங்கும் பல்பு, ரேச்சலின் பட்டுச் சேலைகள், கீழே சாதுவாகப் பெட்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதனால் வேறு இடத்தில் குறை தேடினேன். நினைவகம் கெட்டிருக்குமோ என்று ஒரு காலைப்பொழுது முழுக்கச் சோதனை ஓட்டினேன். சுத்தம். யுபிஎஸ் பேட்டரியைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். பவர் சப்ளையைக் கழற்றிப் புதிது போட்டேன். லினக்ஸின் மையமான கெர்னலைப் பழைய பதிப்புக்கு இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். கடைசியில் ஒன்றும் கிடைக்காமல், நீங்கள் போட்ட எர்த் வயரில்தான் கோளாறு என்று கதிரிடம் சண்டைக்குப் போனேன். அவர் இரும்புக் கம்பியும் உப்பும் கரியும் எடுத்துக்கொண்டு போய், மழையில் புதுக் குழி தோண்டி எர்த் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு மதியமும் பெட்டி படுத்தது. அதே கடைசி வரி.

கூடப் படித்த ஷிஜோவிடம் கேட்டேன். ஷிஜோ பாலக்காட்டுக்காரன், சென்னையில் நூற்றுக்கணக்கான கணினிகளை அடுக்கிவைத்திருக்கிற ஒரு கூடத்தில் வேலை. பதிவைப் பார்த்ததுமே, சூடுதான் ப்ரியா, வேற ஒண்ணுமில்ல என்று எழுதினான். உனக்குச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எல்லாமே சூடாகத்தான் தெரியும், இங்கே வந்து ஒரு நாள் பச்சைத் தண்ணியில் குளித்துப் பார் என்று பதில் போட்டேன். சரி, பெட்டி இருக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பு என்றான். எனக்கு அதற்கு நேரமில்லை என்றேன். உண்மையில் எனக்கு அவனுடைய அந்த அமைதிதான் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் மாற்று ஏற்பாடு ஒன்று செய்திருந்தேன். ரேச்சலோடு வேலை பார்க்கும் ஆன்சியின் வீடு டவுனில் இருந்தது. இன்டர்வியூவை அங்கே வைத்துக்கொள்வதென்று பேச்சு. காலையில் கொண்டை ஊசி வளைவில் ஒரு கற்பூர மரம் ரோட்டின் குறுக்கே விழுந்தது. விழும்போது டவுன் பக்கத்துக் கரண்டு கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. நடந்தே போகிறேன் என்று ரேச்சல் கிளம்பினாள், ஆனால் போய் என்ன செய்வது, ஆன்சி வீட்டில் கரண்டு இல்லை. எங்கள் சரிவுக்குக் கரண்டு வேறு பக்கத்திலிருந்து வருவதால் தப்பித்தது, டவுன் லைனும் அறுபடவில்லை. ஆக, மறுபடியும் பெட்டிதான் கதி.

காலையிலேயே பெட்டியைப் புதிதாக எழுப்பிவிட்டு, அதன் உடம்புச் சூட்டை நொடிக்கு நொடி என் வீட்டுத் திரைக்கு அனுப்பச் சொல்லி ஒரு சின்ன நிரல் எழுதி வைத்தேன். சென்சார் எப்படிப் பொய் சொல்கிறது என்று நேரில் பார்த்துவிடுவோம் என்று எண்ணம். ரேச்சல் மாடி அறையில், பீரோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் காலண்டரும் கொடியில் காயும் துணியும் தெரியக்கூடாது, பீரோ தெரிந்தால் கௌரவமாக இருக்கும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். இன்டர்வியூ நடக்கும்போது நானும் அந்த வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்டேன். நீங்க பக்கத்துல இருந்தா பயம் ஜாஸ்தியாவுதுங்க்கா என்றாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதியம் மூடுபனி இறங்கியது. திரையில் சூடு ஏற ஆரம்பித்தது. நிதானமாக, ஒரு படி ஏறி, கொஞ்சம் நின்று, அடுத்த படி ஏறியது. பொய் சொல்கிற சென்சார் இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லுமா என்று முதல் தடவையாக எனக்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. இன்டர்வியூ தொடங்கியிருந்தது. கை சும்மா இராமல், பவர் சப்ளை மாற்றிய அன்று நான் எடுத்து வைத்திருந்த பீரோ படத்தைக் கைபேசியில் தேடி ஷிஜோவுக்கு அனுப்பினேன். பார்த்துக்கொள், நிழலில் ஜம்மென்று இருக்கிறது என்று குத்தலாக ஒரு வரியும் எழுதினேன்.

அவனிடமிருந்து ஒரே கேள்விதான் வந்தது. அந்த பல்பு எதுக்கு?

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சமவெளிக்காரர்களுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் ஈரம் சுவருக்குள் வரும், டிரங்குப் பெட்டிக்குள் வரும், மடித்த துணிக்குள் வரும். தோல் செருப்பு ஒரு வாரம் சும்மா கிடந்தால் பச்சை பூத்துவிடும். அதனால் எல்லோர் வீட்டு பீரோவிலும் ஒரு மஞ்சள் பல்பு தொங்கும். என் வீட்டு பீரோவிலும் தொங்குகிறது. வேகவேகமாக டைப் செய்தேன்: அது சும்மா, பீரோவுக்குள்ள நல்லா சூடா இருக்கறதுக்காக…

அந்த வரியை அனுப்பவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பல்பைப் பார்த்திருக்கிறேன். சுவரில் ஆணி இருப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறேன். நான் போகும்போது அது எரிந்ததில்லை, ஏனென்றால் நெட் நின்றதுமே சார் பல்பை அணைத்துக் கதவைத் திறந்துவைத்து எனக்கு நாற்காலி போட்டுவிடுவார். நான் சரிவேறிப் போய் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் ஆறிவிடும். சாவதற்கு முன்னால் பெட்டி உண்மையைத்தான் எழுதிவைத்திருக்கிறது. படித்த மேதை சிரித்திருக்கிறாள்.

திரையில் சூடு இன்னும் இரண்டு படி ஏறியிருந்தது. சாரை நெட் வழியாகக் கூப்பிடவும் வழியில்லை, இன்டர்வியூ முடியும் வரை வீட்டில் எந்தக் கைபேசியும் உயிரோடு இருக்கக்கூடாது என்பது அவர் உத்தரவு. முதலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடியதைச் செய்தேன். பெட்டியின் வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். ரேச்சல் வீட்டைத் தவிரச் சரிவிலிருந்த அத்தனை வீட்டு நெட்டையும் ஒரே கட்டளையில் நிறுத்தினேன். மதிய சீரியல் நேரம் அது. பிறகு குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

ரோடு வழியாகப் போனால் சுற்று. தேயிலைக்குள் புகுந்து ஏறினேன். ராக்கம்மா வீட்டு வாசலைத் தாண்டும்போது, ஏனுங்க ப்ரியா, கல்யாண மண்டபத்துல தாலி கட்டற நேரத்துல நெட்டு போயிருச்சே என்று அவர் உள்ளேயிருந்தே சத்தம் போட்டார். சீரியலில்தான். யாருக்கும் யாரோடும் இன்றைக்குக் கல்யாணம் கிடையாது என்று கத்திவிட்டு ஓடினேன். கால் வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். அட்டை ஏறியதை உணர்ந்தேன், எடுக்க நேரமில்லை.

மரியஅந்தோணி சார் மாடிப்படியின் கீழ்ப்படியில் ஜெபமாலையோடு காவலுக்கு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

“உள்ள விடக்கூடாதுங்க. கேள்வி நடந்துட்டிருக்குது,” என்று கிசுகிசுத்தார்.

பீரோவில் பல்பு எரிகிறதா என்று கேட்டேன், மூச்சு வாங்கியதில் எனக்கும் கிசுகிசுப்புதான் வந்தது.

“எரியாமயா? காலைலயே போட்டுட்டேனுங்க. இன்னிக்குன்னு பாத்து நூறு வாட்ஸ் பல்பா மாட்டியிருக்கேன். இந்த மழைக்கு நாப்பது வாட்ஸெல்லாம் எங்க தாங்குது? கதவு இடுக்குல பழைய பனியன் துணிய வெச்சு அடைச்சும் வெச்சுட்டேன். பொட்டு ஈரம் பெட்டி பக்கம் போவாது, நீங்க தைரியமா இருங்க.”

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. மஞ்சள் பல்பு இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை, டவுனில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். இந்த வாரமும் போன வாரமும் இவருடைய அக்கறைதான் பெட்டியை வேகவைத்திருக்கிறது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பெட்டி போய்விடும். அவருடைய விரித்த கைக்குக் கீழே குனிந்து புகுந்து படியேறிவிட்டேன்.

அறைக் கதவைச் சத்தமில்லாமல் தள்ளினேன். ரேச்சல் எனக்குப் பக்கவாட்டில், நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். திரையில் மூன்று முகங்கள். அவளுக்குப் பின்னால் பீரோவின் இடுக்குகளில் மஞ்சள் வெளிச்சம் கோடு கோடாகக் கசிந்தது. உள்ளே பெட்டியின் விசிறி இறங்கப்போகிற விமானம் மாதிரி இரைந்தது. கேமராவில் தெரியாமல் போக ஒரே வழிதான் இருந்தது. தரையில் கையையும் முழங்காலையும் ஊன்றி, சேறு வடிய வடிய, தவழ்ந்தேன். நாற்பதை நெருங்குகிற வயதில், ஒரு கம்பெனியின் பாதி முதலாளி.

பனியன் துணியை ஒவ்வொன்றாக உருவினேன். கதவின் கீழ் நுனியைப் பிடித்து இழுத்தேன். பீரோ திறந்துகொண்டது, நூறு வாட்ஸ் வெளிச்சம் அறை முழுக்கக் கொட்டியது, கோயமுத்தூர் மே மாதம் முகத்தில் அடித்தது.

திரையில் பேச்சு நின்றது. மூவரில் வயதான பெண்மணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உங்களுக்குப் பின்னால் என்ன அது, தீ எதுவும் பிடித்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரேச்சல் திரும்பினாள். தரையில் நாலு காலில் நான், காலில் ரத்தம், தலையில் தேயிலைக் கொழுந்து. வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். நான் பல்பைக் காட்டினேன், பெட்டியைக் காட்டினேன், காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடுவதுபோலப் பெட்டியைத் தொட்டுக் கையை உதறிக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து சுவிட்சை அணைத்தாள், மேசையிலிருந்த சான்றிதழ் ஃபைலை எடுத்து விசிறுங்கள் என்று என் கையில் கொடுத்தாள், திரும்ப உட்கார்ந்தாள். எல்லாம் ஒரு பதற்றமும் இல்லாமல்.

பிறகு அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். எங்கள் மலையில் மழைக்காலத்தில் துணி பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் விளக்கு எரியவிடுவோம். இப்போது அதே அலமாரியில் இந்த ஊரின் இணைய இயந்திரமும் இருக்கிறது. அதற்குச் சூடு அதிகமாகிவிட்டது, எங்கள் பொறியாளர் வந்து கவனித்துக்கொண்டிருக்கிறார், இனி பயமில்லை. பொறியாளர் என்று என்னைத்தான் சொன்னாள். நான் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அயர்லாந்துக்குப் போக வேண்டிய சான்றிதழ்களால் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்மணி சிரிக்க ஆரம்பித்தார். அவர்கள் நாட்டிலும் இதேதானாம். வருஷத்தில் முக்கால்வாசி மழை. அதனால் வீடு கட்டும்போதே வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு சூடான அலமாரி வைத்துக் கட்டுவார்களாம். துவாலை, போர்வை, குழந்தைத் துணியெல்லாம் அதற்குள்தானாம். தான் பள்ளிக்குப் போகிற குளிர்காலக் காலைகளில் அம்மா சட்டையை அதிலிருந்து எடுத்துச் சூடாகப் போட்டுவிடுவார் என்றார். பக்கத்திலிருந்தவர் தன் வீட்டில் பூனை குட்டி போட்டதே அந்த அலமாரிக்குள்தான் என்றார். ஈரத்தைப் பற்றி மூன்று பேரும் ரேச்சலும் வெகுநேரம் பேசினார்கள். ஈரத்தைத் திட்டுவதில் உலகமே ஒற்றுமையாக இருக்கிறது.

அப்புறம் மருந்தளவுக் கணக்கு கேட்டார்கள், கீழே விழுந்த முதியவரை எப்படித் தூக்குவாய் என்று கேட்டார்கள். ரேச்சல் சொல்லிக்கொண்டே போனாள். பெட்டியின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வழக்கமான முனகலுக்கு வந்தது. கை வலி உயிர் போனது, ஆனால் நான் விசிறுவதை நிறுத்தவில்லை. கடைசியில் அந்தப் பெண்மணி, கடிதம் அனுப்புகிறோம், இங்கே வந்ததும் முதலில் உனக்கு எங்கள் வீட்டு அலமாரியைக் காட்டுகிறேன் என்றார். திரை அணைந்தது. அணைத்தது அவர்கள்.

ரேச்சல் நாற்காலியிலேயே குனிந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். சிரிப்புச் சத்தம் கேட்டு சார் மேலே வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டு, மகள் சொன்னதைக் கேட்டு, மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பல்பு அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அடடா என்று சுவிட்ச் பக்கம் போனார்.

“தொடாதீங்க சார்,” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கை அந்தரத்தில் நின்றது.

ஒரு வாரத்துக் கோபம் எனக்குத் தொண்டை வரை இருந்தது. அதை முழுசாக இறக்குவதென்றுதான் எழுந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சத்தம் போட முடியவில்லை. சாதாரணமாகவே சொன்னேன். பல்புச் சூடு, அடைத்த கதவு, நடுவில் மாட்டிக்கொண்ட பெட்டி. நானும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பல்பைப் பார்த்தேன், எனக்கும் உறைக்கவில்லை என்பதையும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்போ போன தடவ கட்டானதும் இதனாலதானுங்களா?”

“ஆமாங்க சார்.”

ஜெபமாலையின் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

“இவ போகக்கூடாதுன்னு நான் இதப் பண்ணலைங்க.”

யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை. அவராகச் சொன்னபோதுதான், இவர் உள்ளுக்குள் எத்தனை நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. அவள் போக வேண்டாமே என்று நினைத்துக்கொண்டே, அவள் போவதற்காகக் கடை கடையாக ஏறிப் பெரிய பல்பாகப் பார்த்து வாங்கி மாட்டியிருக்கிறார்.

ரேச்சல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியாதாப்பா,” என்றாள். அப்புறம் அந்த ஊர் வீடுகளைப் பற்றிச் சொன்னாள். வெந்நீர்த் தொட்டியை, சூடான அலமாரியை, சட்டை போட்டுவிட்ட அம்மாவை, குட்டி போட்ட பூனையை. சார் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லா ஊட்லயுமா?”

“எல்லா ஊட்லயும்தானாம்.”

“துணி ஈரமே புடிக்காதாமா?”

“புடிக்காதாம்ப்பா. எப்பவும் சூடாத்தான் இருக்குமாம்.”

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

“அப்பச் சரி. போயிட்டு வா.”

அதைக் கேட்டு ஓவென்று அழுதது நான்தான். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள்.